பக்கத்து வீட்டில் ஒரு மெராஜுக்

ஒரு சனிக்கிழமை காலை. லண்டன் ஹரோவில் எங்கள் வீட்டுப் பின்வளவில், சாரமும் ஸ்வெட்டருமாக, ஈரப் புல்லில் ரப்பர் செருப்போடு நிற்கிறேன். எனக்கு முன்னால் நெஞ்சளவு உயரத்தில் மரவேலி. வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக் குசினி யன்னல். யன்னலுக்குள்ளே என் மனுசி புவனா, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் உரிக்கிறாள்.

எனக்குப் பின்னால் விசா அலுவலகத்திலிருந்து வந்த இரண்டு பேர். ஒருவர், மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்ட ஒரு வெள்ளைக்கார அம்மா. மற்றவர் நெடுத்த மனுசன், கையில் குறிப்புப் புத்தகம்.

"புவனா, வீட்டை வாரும்" என்றேன்.

"வரமாட்டன்" என்றாள், திரும்பாமலே.

என்ன சொல்கிறா என்று அந்த அம்மா கேட்டா. வரமாட்டாவாம் என்றேன். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பக்கத்து வீட்டுக்காரர் டொக்டர் சாரங்கபாணி தன் நல்ல ஆங்கிலத்தில் குறுக்கிட்டு, முதல் மறுப்புக் கணக்கில் வராது என்று விளக்கம் சொன்னார். நெடுத்த மனுசன் அதையும் எழுதினார்.

என் மனுசி இந்த நாட்டில் இருப்பதா, பிளேன் ஏறுவதா என்பது அந்தப் புத்தகத்தில் விழுகிற எழுத்தில்தான் கிடந்தது. அவளோ அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

இந்தக் கூத்து எப்படி வந்தது என்று சொல்லக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். குட்மேய்ஸில் இருந்து ஒரு வாசகி அக்கா, நான் எழுதுகிற இந்தத் தொடர் தொடங்கி இத்தனை கிழமையாகியும் மனுசியைப் பற்றி ஒரு வரியும் காணவில்லையே என்று கேட்டு எழுதியிருந்தா. காரணம் பயம்தான், வேறொன்றுமில்லை. இப்போது அவளிடமே அனுமதி கேட்டுவிட்டேன். எழுதுங்கோ, ஆனால் ஒழுங்காக எழுதுங்கோ என்றாள்.

சிரம்பானில் இருந்து வந்த சொல்

நான் லண்டனுக்கு வந்தது எழுபதுகளின் கடைசியில், இன்ஜினியரிங் படிக்க. படிப்பு என்னை இரண்டு தரம் கைவிட்டது. மூன்றாம் தரம் நான் அதைக் கைவிட்டேன். மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் தேய்க்கிற பட்டறை ஒன்றில் வேலை கிடைத்தது. லென்ஸ் என்னோடு கோவிக்கவில்லை.

எண்பதுகளின் பின்பாதியில் அம்மா எனக்குப் பெண் தேடத் தொடங்கினா. யாழ்ப்பாணம் ஷெல்லும் ஊரடங்குமாகக் கிடந்த காலம். அங்கே போய்க் கலியாணம் கட்ட ஏலாது. அம்மா மலாயாப் பக்கம் திரும்பினா. ரயில்வேயிலும் கந்தோரிலும் வேலை செய்ய மலாயாவுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்ட எங்கட ஆக்கள் எத்தனையோ பேர். சிரம்பானில் அப்படியொரு ஸ்டேசன் மாஸ்டர் பரம்பரையில் புவனா இருந்தாள். ஒரு படம், இரண்டு கடிதம், பத்து நாள் லீவு, கோயிலில் தாலி. முடிந்தது.

அவளுடைய தமிழ் யாழ்ப்பாணத் தமிழ்தான். ஆனால் எங்கள் ஊரே மறந்துபோன சொற்கள் அதில் கிடந்தன. தமிழில் கைக்குச் சொல் அகப்படாத இடத்தில் ஒரு மலாய்ச் சொல்லை வைத்து நிரப்பிவிட்டுப் போவாள். அன்புக்கு சாயாங். வெட்கத்துக்கு மாலு. கோவத்துக்கு மாரா.

வந்த புதிதில், பின்னேரங்களில் ஹீட்டருக்குப் பக்கத்தில் காலை நீட்டிக்கொண்டு எனக்குச் சொல் படிப்பிப்பாள். நானும் ஒரு கொப்பி வைத்து எழுதினேன். அப்படி ஒரு நாள்தான் மெராஜுக் வந்தது. அதற்குக் கோவம் என்றுதானே அர்த்தம் என்று கேட்டேன். இல்லவே இல்லை என்றாள். மாரா ஆரோடும் வரும். பஸ்காரனோடு வரும், மழையோடு வரும். மெராஜுக் நெருங்கின ஆளோடு மட்டும்தான் வரும். மனசு நோகும், ஆனால் நொந்தவர் வாய் திறந்து சொல்லமாட்டார். தள்ளிப் போய் இருப்பார். நோகடித்தவர் தேடி வரவேணும்.

அப்படித் தேடி வருவதற்கும் ஒரு சொல் இருந்தது. பூஜுக். அது மன்னிப்புக் கேட்பதுமில்லை, நியாயம் பிளப்பதுமில்லை. கெஞ்சிக் கொஞ்சிக் கூட்டிக்கொண்டு வருவது.

பிள்ளை சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுக் கட்டிலுக்குக் கீழே போய்ப் படுத்தால் மெராஜுக். தன்னிடம் சொல்லாமல் எல்லாரும் படத்துக்குப் போய்விட்டார்கள் என்று மாமியார் அறைக்குள் இருந்தால் மெராஜுக். அங்கே ஒரு மந்திரி பதவியை விட்டெறிந்துவிட்டு வீட்டில் இருந்தாலும் பேப்பர்காரர் மெராஜுக் என்றுதான் போடுவார்களாம். எடுத்ததற்கெல்லாம் இப்படிச் செய்கிறவர்களுக்குக் குவாட் மெராஜுக் என்று பகிடிப் பட்டம். தன் அக்காவை அப்படிச் சொல்லிச் சிரித்தாள். தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

திருப்பிக் கூப்பிட ஒருத்தரும் வராவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன்.

"வருவினம்" என்றாள். அவளுக்கு அதில் ஒரு சொட்டுச் சந்தேகமும் இல்லை.

இவ்வளவையும் கேட்டுவிட்டு நான் கொப்பியில் எழுதியது ஒரே ஒரு வரி. மெராஜுக் என்றால் கோவம், வீட்டு ஆக்களோடு. அந்த வரிதான் என்னைக் கெடுத்தது.

"பிழையில்லை"

கலியாணமாகிப் பத்தாவது மாசம். நோர்பரியில் இருந்து என் சிநேகிதன் குணமும் குடும்பமும் சாப்பிட வந்தார்கள். என் ஆக்கள் முதல் முதலாக வருகிறார்கள் என்று புவனா இரண்டு நாள் அடுப்படியில் நின்று ஆட்டிறைச்சி ரெண்டாங் வைத்தாள். தேங்காய்ப்பால் வற்றி, எண்ணெய் பிரிந்து, இறைச்சி கறுத்துச் சுருளும்வரை கிண்டவேணும். கை வீங்கிப்போயிருந்தது. வேலை முடிந்து வருகிறபோது ஸ்டேசன் படியிலேயே அந்த மணம் எனக்கு வந்தது என்று இப்போதும் சத்தியம் பண்ணுவேன்.

குணம் மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டான். விரலை நக்கிக்கொண்டே, மனுசியின்ர கை எப்படி மச்சான் என்று என்னைக் கேட்டான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். புவனாவும் பார்த்தாள்.

"பிழையில்லை" என்றேன்.

யாழ்ப்பாணத்து ஆம்பிளையிடம் இதற்கு மேல் பாராட்டு எதிர்பார்க்கக் கூடாது. என் அப்பா, அம்மாவின் சமையலை நாற்பது வருசத்தில் இரண்டே இரண்டு தரம்தான் பிழையில்லை என்றவர். இரண்டாம் தரம் அம்மா குசினிக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தா. குணத்துக்கும் நான் சொன்னதன் பெறுமதி விளங்கியது. உனக்கு நல்லா அமைஞ்சிட்டுதடா என்று தோளில் தட்டினான்.

சிரம்பானில் வளர்ந்த பெண்ணுக்கு விளங்கியது வேறு. இரண்டு நாள் நெருப்பில் வெந்த ஒருத்தியை நாலு பேர் முன்னால் வைத்துக்கொண்டு, குற்றம் ஒன்றும் பிடிக்க முடியவில்லை என்று புருசன் அறிவிக்கிறான். அவள் சிரித்த முகத்தோடு எல்லாருக்கும் தேத்தண்ணி கொடுத்தாள். கோப்பைகளைக் கழுவினாள். விடிய எழும்பிப் பார்த்தால் ஆளில்லை. பிரிட்ஜ் கதவில் ஒரு துண்டு, அதில் ஒரே ஒரு சொல். மெராஜுக்.

எங்களுடையது ஒட்டு வீடு. நடுவில் ஒரு சுவர், இரண்டு பக்கமும் இரண்டு குடும்பம். மற்றப் பாதியில் டொக்டர் சாரங்கபாணியும் கல்யாணி அக்காவும். கும்பகோணத்து ஆக்கள், நல்ல சனம். காலையில் கதவைத் தட்டிய புவனாவைப் பார்த்து, தயிருக்கு உறை வாங்க வந்திருக்கிறாள் என்றுதான் கல்யாணி அக்கா நினைத்தாவாம். அவள் கைப்பையோடு நேரே மாடிக்கு ஏறி, சின்ன அறையில் போய் இருந்துவிட்டாள்.

எங்கட வீட்டுக் கோவம்

வேறொருவனாக இருந்தால் உடனே போய்க் கூப்பிட்டிருப்பான். நான் போகவில்லை. ஏன் என்று விளங்க என் அப்பாவையும் சித்தப்பாவையும் தெரிந்திருக்கவேணும்.

எல்லை வேலியில் ஒரு கதியால் தடியை ஒரு சாண் தள்ளிப் போட்டது ஆர் என்ற பிரச்சினையில் இரண்டு பேரும் பதினொரு வருசம் கதைக்கவில்லை. ஏச்சுப் பேச்சு ஒன்றும் கிடையாது. பொதுக் கிணறு காலையில் எங்களுக்கு, பின்னேரம் அவர்களுக்கு. சித்தப்பாவின் ஆடு எங்கள் வளவுக்குள் வந்தால் அப்பா அதைப் பிடித்து வேலியடியில் கட்டிவிட்டு ஒருக்காச் செருமுவார். சித்தப்பா வந்து அவிழ்த்துக்கொண்டு போவார். சித்தப்பாவின் மகளின் கலியாணத்துக்குப் பந்தல் போட, தென்னங்கிடுகு முழுவதையும் அப்பா வேலிக்கு மேலால் அனுப்பினார். கலியாணத்துக்குப் போகவில்லை.

கோவக்காரரைப் போய்த் தொந்தரவு செய்வது எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை. ஒருவருடைய கோவம் அவருடைய காணி. அதற்குள் நாங்கள் கால் வைக்கமாட்டோம். வெளியில் நின்று வேண்டிய உதவி செய்வோம்.

நானும் அப்படித்தான் வளர்ந்தேன். ஆகவே புவனாவின் கோவத்துக்கு என்னென்ன மரியாதை உண்டோ அத்தனையும் செய்யத் தொடங்கினேன்.

வேலிக்கு மேலால்

முதல் நாள் அவளுடைய பல்லுத் தீட்டுகிற பிரஷைக் கடதாசியில் சுற்றி, வேலி மேல் வைத்துச் செருமினேன். கல்யாணி அக்கா வந்து எடுத்தா. அடுத்த நாள் சுடுதண்ணிப் பையும் தடித்த காலுறையும். பிறகு குளிர்க் கோட். சிரம்பானில் இருந்து கடிதம் வந்தால் அன்றன்றே வேலிக்கு மேலால் போய்விடும். சேலைகளை நானே அயன் பண்ணி மடித்துக் கொடுத்தேன். வீடெல்லாம் தேடிக் கொண்டையூசிகளைப் பொறுக்கி ஒரு ஜாம் போத்தலில் போட்டு, மூடி இறுக்கி அனுப்பினேன். மனுசி கோவித்துப் போயிருக்கிற நேரத்தில் எந்தப் புருசன் இவ்வளவு செய்வான் என்று எனக்கே என்னில் ஒரு மதிப்பு.

அந்தப் பக்கம் நடந்தது பிறகுதான் தெரியும். ஒவ்வொரு பாசல் போகிறபோதும் அவள் அழுதிருக்கிறாள். அக்கா, இவர் ஒவ்வொண்டா எல்லாத்தையும் அனுப்பிறார், என்னைத் திருப்பி எடுக்கிற எண்ணமே இல்லை என்றாளாம்.

ஆனாலும் நான் வேலையில் இருக்கிற நேரம் பார்த்துத் தன் திறப்பால் வீட்டைத் திறந்து, சோறும் கறியும் வைத்துவிட்டுப் போவாள். மெராஜுக்கில் இருக்கிறவர்கள் மற்றவரைப் பட்டினி போடுவதில்லையாம். நான் சாப்பிட்டுவிட்டு, இவளுக்குக் கோவம் இன்னும் ஆறவில்லை, கிட்டப் போகக் கூடாது என்று நினைத்துக்கொள்வேன். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் இவ்வளவு நல்லது செய்துகொண்டு இப்படி நாசமாய்ப்போன வேறு குடும்பத்தை நான் கேள்விப்பட்டதில்லை.

டொக்டர் ஒருநாள் பஸ் தரிப்பில் என்னைப் பிடித்தார். "சார், உங்க வைஃப் தினம் அழறாங்க. போய் ஒரு வார்த்தை கூப்பிடுங்க. ரெண்டு நிமிஷ வேலை."

ஆறட்டும் டொக்டர், அவசரப்படுத்தக் கூடாது என்றேன். அவர் என்னை ஒரு நோயாளியைப் பார்க்கிற மாதிரிப் பார்த்துவிட்டுப் பஸ் ஏறினார்.

இதற்கிடையில் இரண்டு பேருமே மறந்துபோன ஒரு விசயம் இருந்தது. அவளுக்கு முதல் வருசம் தற்காலிக விசாதான். அது முடிய ஆறு கிழமை கிடந்தது. உண்மையாகவே சேர்ந்து வாழ்கிறோம் என்று காட்டினால்தான் நிரந்தரம். ரெண்டாங் வைப்பதற்கு முதல் மாசமே இரண்டு பேரும் கையெழுத்து வைத்து விண்ணப்பம் அனுப்பியிருந்தோம்.

ஒரே ஒரு பிரஷ்

பத்தொன்பதாம் நாள் காலை மணி அடித்தது. பால்காரன் என்று நினைத்துச் சாரத்தோடு போய்த் திறந்தேன். அந்த அம்மாவும் நெடுத்த மனுசனும் அட்டையைக் காட்டி, வீட்டை ஒருக்காப் பார்க்கலாமா என்று மிக மரியாதையாகக் கேட்டார்கள்.

பார்த்தார்கள். குளியலறையில் ஒரு பிரஷ். அலுமாரியில் ஒரு பக்கம் என் காற்சட்டைகள், மறுபக்கம் வெறும் ஹாங்கர்கள். குசினியில் கழுவிக் கவிழ்த்த ஒரு கோப்பை. ஒரு பெண் இந்த வீட்டில் எப்போதாவது இருந்தாள் என்பதற்கு ஒரு தலைமயிர்கூடக் கிடையாது. கொண்டையூசியைத்தான் நான் போத்தலில் போட்டு அனுப்பிவிட்டேனே.

மனைவி எங்கே என்று அந்த அம்மா கேட்டா. பக்கத்து வீட்டில் என்றேன். எப்போது போனா? பத்தொன்பது நாள். சாமான் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டா போனா?

இல்லை, அவ ஒரு கைப்பையோடுதான் போனா, மிச்சம் முழுக்க நான்தான் அனுப்பினேன் என்றேன். சொல்கிறபோது குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. நெடுத்த மனுசன் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அப்போதுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது.

ஏன் போனா என்று கேட்டார்கள். கோவம் என்றால் குடும்பம் பிரிந்துவிட்டது என்று எழுதுவார்கள். அதனால் அந்த மலாய்ச் சொல்லையே சொன்னேன். நெடுத்த மனுசன் எழுத்துக் கூட்டச் சொல்லி எழுதிக்கொண்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். அத்தாட்சி காட்டலாம் என்று ஓடிப்போய்க் கொப்பியை எடுத்து வந்தேன். அதில் இருந்ததை மொழிபெயர்த்துச் சொல்லவேண்டி வந்தது. கோவம், வீட்டு ஆக்களோடு. அதையும் எழுதினார்.

சுவருக்கு அந்தப் பக்கம் இதெல்லாம் கேட்டிருக்கவேணும். டொக்டர் வந்துவிட்டார். அவர் எனக்கு உதவி செய்யத்தான் வந்தார், அதை நான் மறுக்கமாட்டேன். தமிழில் இதற்கு இரண்டாயிரம் வருசமாக ஊடல் என்று ஒரு சொல் இருக்கிறது என்று தொடங்கினார். ஊடலை விளக்க மருத நிலம் வந்தது. மருதத்தைத் தனியாக விளக்க ஏலாது என்று மற்ற நாலு நிலமும் வந்தன. இந்த நிலங்களில் எதிலாவது இந்த அம்மாவுக்குச் சொத்து இருக்கிறதா என்று நெடுத்த மனுசன் கேட்டார்.

ஊடல் பற்றி நானும் பள்ளிக்கூடத்தில் நாலு பக்கம் எழுதி நல்ல மார்க் வாங்கியவன்தான். அது பரீட்சைக்கு வருகிற விசயம் என்றுதான் நினைத்திருந்தேன். எங்கள் வீட்டில் ஒருவரும் ஊடிப் பார்த்ததில்லை.

கடைசியில் கல்யாணி அக்கா கரண்டியோடு வந்து புருசனை நிறுத்தினா. புவனாவிடம் பத்தொன்பது நாளாகக் கேட்டதை, டொக்டரை மொழிபெயர்க்க வைத்து, இரண்டு நிமிசத்தில் சொன்னா. "அந்தப் பொண்ணு விட்டுட்டுப் போகல மேடம். அவர் கூப்பிட்டா கேக்கிற தூரத்துலதான் உக்காந்திருக்கா. சொந்தப் புருஷன்கிட்ட மட்டும்தான் இப்படிப் பண்ணுவாங்க. முதல் தடவை வரமாட்டேன்னு சொல்லுவா, ரெண்டாவது தடவையும் சொல்லுவா. அப்புறம் வந்துடுவா."

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிச் சங்கிலியில் விட்டா. அப்படியென்றால் கூப்பிடுங்களேன் என்றா.

மூன்று தரம்

இப்படித்தான் நான் வேலியடியில் நின்றேன். வெட்கத்தில் உயிர் போகிறது. ஒரு ஆம்பிளை ஒரு பெண்ணை இப்படிக் கூப்பிட்டதை என் வாழ்க்கையில் நான் கண்டதில்லை. இப்போது அதை அரசாங்கத்துக்கு முன்னால் செய்யவேணும்.

முதல் தரம் வரமாட்டன் என்றதைச் சொல்லிவிட்டேன். இரண்டாம் தரம், அண்டைக்கு வைத்த ரெண்டாங் நல்லா இருந்தது என்றேன். இப்பதான் தெரிஞ்சதோ என்று யன்னலுக்குள்ளிருந்து கேட்டது. டொக்டர் இரண்டு விரலைத் தூக்கி நெடுத்த மனுசனுக்குக் காட்டினார். கல்யாணி அக்கா என்னைப் பார்த்து, விடாதே என்று தலையை ஆட்டினா. இனி வந்துவிடுவாள் என்று எல்லாருக்கும் முகம் மலர்ந்தது.

மூன்றாம் தரம் நான் சொன்னது இதுதான். "புவனா, இவையள் பாத்துக்கொண்டு நிக்கினம். விசா விசயம். வாரும்."

வெங்காயம் வெட்டிய கத்தி நின்றது. அவள் திரும்பினாள். கையைத் துடைத்துக்கொண்டு பின்கதவால் வெளியே வந்தாள். பத்தொன்பது நாளைக்குப் பிறகு அவளுடைய முகத்தை அப்போதுதான் நேராகப் பார்க்கிறேன், மெலிந்துபோயிருந்தாள். என்னைத் தாண்டி அந்த அம்மாவைப் பார்த்து நிதானமான ஆங்கிலத்தில் பேசினாள். அவள் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"இவர் என்னைக் கூப்பிடேல்லை. நீங்கள் வந்து நிக்கிறபடியால் உங்களுக்காகக் கூப்பிடுறார். இதுக்கு நான் போனால், ஒரு பேப்பருக்காகக் கூப்பிட்ட மனுசனோட காலம் முழுக்க இருக்கவேணும். நான் போகமாட்டன். நீங்கள் எழுத வேண்டியதை எழுதுங்கோ."

சொல்லிவிட்டு உள்ளே போய்க் கத்தியை எடுத்தாள்.

இது மூன்றாவது மறுப்பா, அல்லது கணக்குத் திரும்பத் தொடங்குகிறதா என்று நெடுத்த மனுசன் டொக்டரைக் கேட்டார். டொக்டர் தன் விரல்களைப் பார்த்தார். போகிறபோது வாசலில் நின்று அந்த அம்மா, வழக்கமாக நாங்கள் போகிற வீடுகளில் மனைவிமார் தேத்தண்ணியோடு ஓடி வருவார்கள் என்று மட்டும் சொன்னா. அது நல்லதுக்கா கெட்டதுக்கா என்று என்னால் பிடிக்க ஏலவில்லை.

ஆக்கள் இல்லாத நேரம்

அன்று முழுக்க எனக்கு மெராஜுக் இல்லை, சுத்தமான மாரா. ஆறு கிழமையில் விசா முடிகிறது, இவளோ நான் எந்த நினைப்பில் கூப்பிட்டேன் என்று நிறுத்துப் பார்க்கிறாள். போகட்டும் என்று வீட்டுக்குள் மேலும் கீழுமாக நடந்தேன்.

நடந்து களைத்துக் கட்டிலில் அவளுடைய பக்கத்தில் இருந்தேன். மெட்ரோபொலிட்டன் லைன் ரயில் ஒன்று போய் யன்னல் அதிர்ந்தது. அலுமாரியில் வெறும் ஹாங்கர்கள் ஒன்றோடொன்று முட்டிச் சத்தம் போட்டன. அவளைப் போகச் சொல்லிக் கடிதம் வந்தால் நான் என்ன செய்வேன் என்று யோசித்தேன். விடை உடனே வந்தது. அவளுடைய பெட்டியை நன்றாகக் கட்டி, மேலே விலாசம் ஒட்டி, எயார்போட்டுக்கு அனுப்பிவைப்பேன். ஒரு குறையும் இருக்காது.

அப்போது எனக்குப் பயம் பிடித்தது. என்னைப் பார்த்தே பயம். நான் அப்படிச் செய்யக்கூடிய ஆள்தான் என்று தெரிந்தது.

ஞாயிறு விடிய, வேலிக்குப் போகாமல் முன்வாசலால் போனேன். செருமவில்லை, மணியை அடித்தேன். கல்யாணி அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, டொக்டரைப் பேப்பரும் கையுமாகக் கிளப்பிப் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனா.

சின்ன அறைக் கதவு திறந்துதான் கிடந்தது. உள்ளே கல்யாணி அக்காவின் சேலையோடு அவள் இருந்தாள், நான் அனுப்பிய பாசல் எல்லாம் சுவரோரம் அடுக்கியபடி இருந்தன. பிரஷையும் கடிதங்களையும் தவிர ஒன்றையும் அவள் பிரிக்கவில்லை. படியிலேயே இருந்துவிட்டேன்.

"புவனா, கடிதம் எப்பிடி வந்தாலும் வரட்டும்" என்றேன். "உம்மைப் போகச் சொன்னால் நானும் சிரம்பானுக்கு வாறன். அங்கயும் சனம் கண்ணாடி போடும்தானே. நீர் இல்லாத வீட்டில எனக்கு இருக்க ஏலாமல் கிடக்கு."

வரமாட்டன் என்றாள். திரும்பவும் கேட்டேன். வரமாட்டன் என்றாள். பிறகு எத்தனை தரம் கேட்டேன் என்று எனக்குத் தெரியாது. கேட்கக் கேட்க அழுகையும் வந்துவிட்டது. கலியாணம் கட்டியபிறகு அவள் முன்னால் நான் அழுதது அன்றைக்குத்தான்.

கொஞ்ச நேரத்தால் அவள் வந்து என் பக்கத்தில் படியில் இருந்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பாசலுகளை ஆர் தூக்கிறது என்று கேட்டாள். எல்லாவற்றையும் கொண்டுவந்து சேர்க்க மத்தியானமாகிவிட்டது.

கடிதம்

பிறகு நாலு கிழமை ஒரு தகவலும் இல்லை. தபால் விழுகிற சத்தம் கேட்டால் இரண்டு பேரும் கதவுக்கு ஓடுவோம். மண்ணிற நீளக் கவர் எதைப் பார்த்தாலும் நின்ற நிலையிலேயே உடைப்பேன். கரண்ட் பில்லாக இருக்கும்.

இந்தப் பதற்றத்துக்குள் ஒரு சனிக்கிழமை அவள் எனக்குத் தலைமயிர் வெட்டிவிட்டாள். பின்பக்கம் படி படியாக வந்தது. அதைச் சரிசெய்யாமல் வேலியடிக்குக் கூட்டிக்கொண்டு போய், டொக்டருக்குக் காட்டிச் சிரித்தாள். டொக்டரும் சிரித்தார். எனக்கு மனசு நொந்துபோனது. ஒன்றும் பேசவில்லை. ரேடியோவை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுச் சின்ன அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். என் வாழ்க்கையில் நான் செய்த முதல் மெராஜுக். சொன்னால் நம்பமாட்டீர்கள், அதற்குள் இருக்கிறபோது ஒரு சுகமும் இருக்கிறது. வருவாள் என்று தெரிந்துகொண்டு இருக்கிற சுகம்.

மத்தியானம் யன்னலுக்குக் கீழே அவள் குரல் கேட்டது. இஞ்சாருங்கோ, கோப்பி போட்டிருக்கிறன், வாங்கோ என்றாள். வரமாட்டன் என்றேன். பின்பக்கத்தைச் சரியாக வெட்டிவிடுறன், வாங்கோ என்றாள். வேண்டாம் என்றேன். போய்விட்டாளோ என்று எட்டிப் பார்த்தேன். அண்ணாந்து பார்த்துக்கொண்டு அங்கேயேதான் நின்றாள்.

"தனியச் சாப்பிட மனம் வரேல்லை. வாங்கோவன்."

ரேடியோவைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனேன்.

வீட்டுக்குள் வந்தோம். அவள் கதவைச் சாத்தி, கொளுக்கியையும் போட்டாள். பிறகு பாண் பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு மண்ணிற நீளக் கவரை எடுத்து என் கையில் தந்தாள். உடைத்திருந்தது. நான் அங்கே போன கையோடு தபாலில் வந்து விழுந்திருக்கிறது. நிரந்தரமாக இருக்கலாம் என்று போட்டிருந்தது. அந்த வரியை மூன்று தரம் வாசித்தேன், எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது.

இதை வைத்துக்கொண்டா யன்னலுக்குக் கீழே நின்று அவ்வளவு நேரம் கெஞ்சினீர் என்று கேட்டேன். கடிதம் வந்திட்டுது எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால், படியெல்லாம் பாய்ஞ்சு ஓடி வந்திருப்பனே என்றேன்.

"அதுதான் சொல்லேல்லை" என்றாள்.